தேரோட்டத்தன்று திறக்க மறுத்த கோப்புகள்

இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்பதெல்லாம் கட்டளைகளைப் பற்றித்தான். ஸ்கிரிப்டை எப்படி எழுதினீர்கள், சாவியை எங்கே வைத்தீர்கள், எந்த நேரத்துக்கு ஓடவிட்டீர்கள் என்று கேட்கிறீர்கள். அவை எல்லாம் தேடினால் கிடைக்கும். தேடிக் கிடைக்காத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சர்வர் படுத்துவிட்ட காலையில், அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் கை பரபரத்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெண்மணி எப்படி நடந்துகொண்டார் என்பதுதான் அது.

அவரை நாங்கள் மேடம் என்றுதான் அழைப்போம். பெயரைச் சொல்வது அவருக்குப் பிடிக்காது, அதனால் விட்டுவிடுகிறேன். ராஜபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவுக்கு அவர் தலைமை. வயதில் என்னைவிட மிகவும் இளையவர். சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த பிறகுதான் போனை எடுப்பார். மற்ற நாட்களில் முதல் மணிக்கே எடுத்துவிடுவார். அவருக்குக் கீழே நான். எனக்கு எதையும் எண்ணிப் பார்த்தால்தான் சோறு இறங்கும். படி ஏறினால் படியை எண்ணுவேன், பஸ்ஸில் உட்கார்ந்தால் சன்னலை எண்ணுவேன். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் ஒன்று விட்டுப்போயிருக்குமோ என்று மறுபடி எண்ணுவேன்.

எங்கள் மருத்துவமனைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கிளை உண்டு. ரத வீதிக்குப் பக்கத்துத் தெரு. அங்கே முக்கியமான வேலை டயாலிசிஸ். மேற்கே வத்திராயிருப்பு, மகாராஜபுரம், பிளவக்கல் வரை உள்ளவர்கள் அங்கேதான் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நீர் எடுக்க வேண்டும், எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அந்தக் கிளையில் இருந்த ஒரே ஒரு சர்வரில் இருந்தது. தாளில் எழுதுவதை நிறுத்திவிட்டோம். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டோம்.

நாள்தோறும் சாயங்காலம் ராஜபாளையத்து இயந்திரம் தொலைவிலிருந்தே உள்ளே போக உதவும் எஸ்.எஸ்.எச். வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் சர்வருக்குள் நுழையும். அங்கே இருக்கும் ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைத் தொகுப்பை, ஓட்டும். அது எல்லாப் பதிவுகளையும் திரட்டிச் சுருக்கி, தண்ணீர்க் குழாயில் விடுவது போல இங்கே அனுப்பும். அங்கிருந்து வருவது எதுவானாலும் இங்கே ஒரு கோப்பாக எழுதப்பட்டுவிடும். இதுதான் ஏற்பாடு. பத்து கோப்புகளுக்கு மேல் சேர்ந்தால் மிகப் பழையது தானாக அழியும். தினமும் காலையில் கோப்பு வந்திருக்கிறதா, அளவு நேற்றையதைவிடக் கொஞ்சம் கூடியிருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. இரண்டையும் தவறாமல் பார்ப்பேன்.

ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ரத வீதிகளில் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். அத்தனை உயரத் தேர் போக வேண்டும் என்றால் கம்பிகள் வழிவிடத்தானே வேண்டும். எங்கள் கிளையும் அதே இணைப்பில்தான் இருந்தது. டயாலிசிஸ் அறைக்கு ஜெனரேட்டர் உண்டு. சர்வர் நின்ற மூலைக்கு ஒரு பழைய யு.பி.எஸ். மட்டும்தான். வடம் பிடித்த கொஞ்ச நேரத்திலேயே செல்வராஜிடமிருந்து போன் வந்தது.

செல்வராஜ் கிளையில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர். பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். ஒப்பந்த ஊழியர், வருடத்துக்கு வருடம் புதுப்பிப்பார்கள். பதறிப் பேசும் ஆள் இல்லை. அன்று குரல் சரியாக இல்லை.

“அண்ணாச்சி, கரண்ட் போயிட்டு. யு.பி.எஸ். தாங்கல. ஜெனரேட்டர் லைன்ல போட்டுப் பாத்தேன். டிஸ்க் டக்டக்குனு சத்தம் போட்டுட்டு அப்படியே நிக்கி. எழும்ப மாட்டேங்கு.”

“பதறாதீங்க. நேத்து சாயங்காலம் வரைக்கும் இங்க இருக்கு” என்றேன். சொல்லிக்கொண்டே நேற்றைய கோப்பைத் திறந்தேன். திறக்கவில்லை. இது சுருக்கப்பட்ட கோப்பே இல்லை என்றது இயந்திரம். முந்தா நாள் கோப்பைத் திறந்தேன், அதுவும் அப்படியே சொன்னது. அதற்கு முந்தையது, அதற்கும் முந்தையது. எண்ணிக்கொண்டே போனேன். பத்துக் கோப்புகளில் மிகப் பழையது ஒன்றுதான் திறந்தது. அது திருவிழாக் கொடியேறுவதற்கு முன்பு எடுத்தது.

மேடம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். அவர் முதலில் கேட்டது என்ன தெரியுமா?

“சாயங்கால வேலை இன்னைக்கும் ஓடுமா சார்?”

“ஓடும் மேடம். ஆனா சர்வர்தான் இல்லையே.”

“சர்வர் இல்லைன்னாலும் காலிக் கோப்பு ஒண்ணை எழுதும். பதினொண்ணு ஆயிரும். திறக்குற ஒரே கோப்பும் அழிஞ்சிரும். முதல்ல அதை நிறுத்துங்க.”

சாயங்காலத்துக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. என் கண் முன்னே நெருப்பு எரிந்துகொண்டிருந்தபோது, பிறகு பற்றப்போகும் இடத்தில் அவர் முதலில் தண்ணீர் ஊற்றினார். நிறுத்தினேன். பத்துக் கோப்புகளையும் வேறொரு இடத்தில் நகல் எடுத்து வைக்கச் சொன்னார். “நம்ம கை படுறதெல்லாம் நகல்ல மட்டும் படட்டும்” என்றார்.

மறுபடி செல்வராஜ் போன். இந்தமுறை கிளையில் பணியில் இருந்த டாக்டருக்காகப் பேசினார்.

அன்று மகாராஜபுரத்திலிருந்து பேச்சியம்மாள் என்று ஒருவர் வந்திருந்தார். திருவிழாக் கூட்டத்துக்குப் பயந்து முந்தைய முறை வராமல் விட்டவர். அன்றைய முதல் பஸ்ஸில் கால் வீங்கி, மூச்சு வாங்க வந்து சேர்ந்திருந்தார். உடனே இயந்திரத்தில் போட வேண்டும். ஆனால் அதற்கு முன்பு, முதன்முதலாக வந்த அன்று, ரத்தத்தை வடிகட்ட அவருக்கு மாட்டிய ஃபில்டர் ஒத்துக்கொள்ளாமல் பெரிய அமளியாகிவிட்டது. உடனே நிறுத்தி, வேறு கம்பெனி ஃபில்டர் போட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள். கிளையில் இருப்பதோ இரண்டு கம்பெனியுடையது. எது ஆகாதது, எது ஆனது? அப்போது பார்த்த டாக்டர் விடுப்பில் எங்கோ மலையில் இருந்தார், போன் போகவில்லை. அன்றிருந்த நர்ஸும் விடுப்பில். அவரும் போனை எடுக்கவில்லை. தேர் தெருமுனையைத் தாண்டும்வரை ஆம்புலன்ஸை வெளியே எடுக்க முடியாது. எல்லாம் சர்வரில்தான் இருந்தது. அது நடந்ததோ கொடியேறிய பிறகு. திறந்த அந்த ஒரு கோப்பில் அது இருக்க வழியில்லை.

போனுக்குப் பின்னால் பேச்சியம்மாளின் குரலே கேட்டது. மூச்சுக்கு நடுவே நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

“குழாய மாட்டுனாவ. ஒடம்பெல்லாம் அரிச்சுது. பொறவு வேற மாட்டுனாவ. நான் கண்ண மூடிக் கெடந்தேன். பேரு கேக்கியளே, நான் என்ன கம்பெனிக்காரியா?”

“ரெண்டுல ஒண்ண போட்டுப் பாக்கலாமான்னா டாக்டர் மாட்டேங்காரு அண்ணாச்சி. தப்பாப் போச்சுன்னா இன்னைக்கு இருக்க மூச்சுக்கு இந்தம்மா தாங்காதுங்காரு” என்றார் செல்வராஜ்.

அதற்குள் எங்கள் மேனேஜர் வந்துவிட்டார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அலுவலகத்தில் நல்ல தமிழ் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் தெலுங்குக்குப் போய்விடுவார். அன்று வாசலில் நுழையும்போதே தெலுங்கில்தான் நுழைந்தார். பிறகு தமிழுக்கு வந்தார்.

“கெட்டுப்போன கோப்பை வச்சுக்கிட்டு என்ன பாக்குறீங்க? அந்த டிஸ்க்கைத் திரும்பத் திரும்ப ஆன் பண்ணச் சொல்லுங்க. ஒரு தடவை எழும்பினா போதும்.”

நானும் அதைத்தான் நினைத்தேன். மேடம் போனை வாங்கினார். “அண்ணே, அந்த சர்வரை இனிமே ஆன் பண்ணாதீங்க. பிளக்கையே உருவிருங்க. தட்டுற டிஸ்க்கைத் தட்டிக்கிட்டே இருந்தா மீட்டெடுக்க மதுரைக்குக் கொண்டுபோனாலும் மிச்சம் கிடைக்காது.” பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, “கெட்டுப்போச்சுன்னு நமக்கு இன்னும் தெரியாது சார். திறக்கலைன்னு மட்டும்தான் தெரியும்” என்றார்.

இளையவர்களே, இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் இதை எழுத உட்கார்ந்தேன். திறக்கவில்லை என்பது நாம் கண்ணால் கண்டது. கெட்டுப்போனது என்பது நாமாக முடிவு கட்டியது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் நம் தொழிலே இருக்கிறது. பதற்றத்தில் அந்த இடைவெளி நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவருக்குத் தெரிந்தது.

“கோப்போட தலையில என்ன இருக்கு? சும்மா எழுத்தா காட்டுங்க” என்றார்.

சுருக்கிய கோப்பை எழுத்தாகப் பார்த்தால் குப்பையாகத்தான் தெரியும். அதனால் நான் பார்த்ததே இல்லை. பார்த்தோம். குப்பைக்கு முன்னால், முத்து முத்தாக நல்ல தமிழில் இருந்தது:

“நாளை தேரோட்டம். நான்கு ரத வீதிகளிலும் வண்டி போகாது. நோயாளிகளை அதிகாலையிலேயே வரச் சொல்லவும்.”

அதற்கு முந்தைய நாட்களுடைய கோப்புகளைப் பார்த்தோம். ஒன்றில் ஐந்து கருட சேவைக்கு எந்தத் தெரு அடைப்பு என்று இருந்தது. மற்றொன்றில் அன்றைய புறப்பாட்டு நேரம் இருந்தது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு செய்தி.

எனக்குப் புரிந்துவிட்டது. கோபம் தலைக்கு ஏறியது. போனைப் பிடுங்கி, சர்வரில் கை வைத்தது யார் என்று கத்தியிருப்பேன். மேடம் போனைத் தரவில்லை. அவர் பேசியது இப்படி:

“அண்ணே, தெரு அடைப்புச் செய்தி ஒண்ணு எழுதியிருக்கீங்களே, ரொம்ப உபயோகமா இருக்கு. எங்க எழுதுனீங்க?”

செல்வராஜ் குரலில் பயமே இல்லை. “அதுவா மேடம்? பில் போடுத புள்ளைகளும் மருந்து ரூம் ஆளுகளும் சர்வருக்குள்ள நுழைஞ்ச ஒடனே கண்ணுல படட்டும்னு போட்டேன். அதப் பாத்துத்தான் நோயாளிகளுக்குப் போன் பண்ணி வழி சொல்லுதாவ. தெனமும் காலையில மாத்திருவேன்.”

“எல்லாருக்கும் தெரியுற மாதிரியா?”

“ஆமா மேடம். எவன் நுழைஞ்சாலும் மொத வேலையா அதத்தான் சொல்லணும்னு, நுழைஞ்ச ஒடனே ஓடுத கோப்புல மொத வரியிலயே வச்சிட்டேன்.”

நான் கேட்டிருந்தால் அவர் நான் ஒன்றும் தொடவில்லை என்றுதான் சொல்லியிருப்பார். வேலைக்குப் பயந்தவர் வேறென்ன சொல்வார்? உண்மையை வரவழைக்க நாங்கள் அரைநாள் மல்லுக்கட்டியிருப்போம். மேடத்துக்கு அது இரண்டே கேள்வியில் கிடைத்தது. அந்த அரைநாள் பேச்சியம்மாளிடம் இல்லை.

நடந்தது இதுதான். உள்ளே நுழைபவர் மனிதரா, ஸ்கிரிப்டா என்று செல்வராஜின் வரி பார்க்கவில்லை. எங்கள் இயந்திரம் சாயங்காலம் நுழைந்தபோது அதற்கும் மரியாதையாகத் தெரு அடைப்பைச் சொல்லியிருக்கிறது. எங்கள் இயந்திரமும் மரியாதையாக அதைக் கேட்டு, கோப்பின் தலையில் எழுதிக்கொண்டு, அதன் பின்னால் பதிவுகளை ஒட்டவைத்திருக்கிறது. திறக்கும் நிரல் முதல் எழுத்தைப் பார்த்ததுமே, இது நம் வகையறா இல்லை என்று கதவைச் சாத்திவிட்டது. உள்ளே சரக்கு முழுசாக இருந்தது.

“அப்ப தலையை வெட்டிட்டா போதும்” என்றேன். நேற்றைய செய்தியில் இருந்த எழுத்துகளை எண்ணினேன். எண்ணுவதில் என்னை யாரும் ஜெயிக்க முடியாது. இடைவெளியும் புள்ளியும் சேர்த்து இரண்டு முறை எண்ணி, நகலில் அவ்வளவையும் வெட்டினேன். திறக்கவில்லை. தமிழ் எழுத்து நமக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் இயந்திரத்துக்குள் பல இடங்களைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கணக்கைப் போட்டு மறுபடி எண்ணத் தொடங்கினேன். நடுவில் விட்டுப்போய், முதலில் இருந்து ஆரம்பித்தேன்.

மேடம் என் தோளுக்குப் பின்னால் இருந்து மெதுவாகச் சொன்னார். “எண்ணாதீங்க சார். தேடுங்க. இந்த வகைக் கோப்பு எல்லாமே ஒரே ரெண்டு குறியோடதான் தொடங்கும். அது எங்க இருக்குன்னு பாருங்க. அதுக்கு முன்னால இருக்குறது எம்புட்டா இருந்தா நமக்கென்ன?”

தேடினேன். இருந்தது. அதற்கு முன்னால் இருந்ததையெல்லாம் நகலிலிருந்து நீக்கினேன். கோப்பு திறந்தது.

மேனேஜர் வாய்க்குள் ஏதோ சொன்னார். அதுவும் தெலுங்குதான், ஆனால் கோபத் தெலுங்கு இல்லை.

நான் உடனே வேறொரு இயந்திரத்தைத் தயார் செய்து எல்லாப் பதிவுகளையும் ஏற்றப் போனேன். மேடம் தடுத்தார். “அது பொறவு. உள்ள இருக்குறது எழுத்துதானே? அந்தம்மா பேரை மட்டும் தேடுங்க.” தேடினேன். பேச்சியம்மாள், மகாராஜபுரம். ஃபில்டர் பெயரும், ஒத்துக்கொள்ளவில்லை என்ற குறிப்பும் அதே வரியில் இருந்தன. நான் போனில் வாசிக்க வாயைத் திறந்தேன். மேடம் போனின் மேல் கையை வைத்து மூடினார்.

“இன்னும் கீழ போங்க.”

போனேன். இன்னொரு பேச்சியம்மாள். அவரும் மகாராஜபுரம்தான். அவர் பதிவிலும் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு குறிப்பு. ஆனால் மற்ற கம்பெனி ஃபில்டர்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பக்கத்தில் தெருவுக்கு ஒரு பேச்சியம்மாள் இருப்பார் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். விடை கையில் கிடைத்த சந்தோஷத்தில் மறந்துவிட்டது. விடை கிடைத்த பிறகும் ஒரு நொடி நிற்பது அவர் வழக்கம். மேடம் செல்வராஜிடம் அந்தம்மாவின் பதிவு எண்ணைக் கேட்டார். அவர் கையில் இருந்த அட்டையைப் பார்த்துச் சொன்னார். இரண்டாவது பேச்சியம்மாள். தேதியும், அரிப்பும், மூச்சுத் திணறலும், மாற்றிப் போட்ட ஃபில்டரின் பெயரும் அங்கே இருந்தன. அதை நான் வாசித்தேன். டாக்டர் திருப்பிச் சொன்னார். மேடம் திரையைப் பார்த்துச் சரி என்றார்.

அதன் பிறகு எங்களுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. சுவரில் ஒரு பல்லி, கூரையில் இரண்டு மின்விசிறி, வெளியே ஆடிக் காற்று. மேடம் தண்ணீர் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு, அந்தக் காலி டம்ளரையே மறுபடி எடுத்துக் குடிக்கப் போனதைக் கண்டேன். அதுவரை அந்தப் பதற்றத்தை எங்கே வைத்திருந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெகுநேரம் கழித்து செல்வராஜ் பேசினார். “ஓடுது மேடம். அரிப்பு ஒண்ணும் இல்ல. மூச்சு சீராயிட்டு. உறங்குதாவ.”

மறுநாள் மேனேஜர் விசாரணை வைத்தார். சர்வரில் கண்டதையும் எழுதியது யார், அவர் ஒப்பந்தத்தை என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி. செல்வராஜ் பட்டாளத்தில் நிற்பது போல விறைப்பாக நின்றார். மேடம் உட்கார்ந்தபடியே பதில் சொன்னார்.

“அவரு நோயாளிங்க வந்து சேரணும்னு ரெண்டு வரி எழுதுனாரு சார். அதுக்கே விழுந்துட்டதுன்னா நாங்க கட்டின சுவர் எப்படிப்பட்ட சுவர்? ஸ்கிரிப்ட் எங்களோடது. அதைத் திருத்துற வேலையும் எங்களோடது. அவரோட வரி இருக்கட்டும். புது டிஸ்க் போட்டதும், ஆளு நுழைஞ்சா மட்டும் பேசுற மாதிரி நான் இடம் மாத்தி வச்சிர்றேன்.”

மேனேஜர் கையிலிருந்த விசாரணைத் தாளை மடித்தார். “சரி, யு.பி.எஸ். புதுசா என்ன விலைன்னு கேளுங்க” என்று எழுந்துவிட்டார். செல்வராஜின் ஒப்பந்தம் அந்த வருடமும் புதுப்பிக்கப்பட்டது.

என் வேலையையும் மேடம் மாற்றினார். கோப்பை எண்ண வேண்டாம், அளவு பார்க்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சோறு இறங்காது என்று அவருக்குத் தெரியும். அதோடு ஒன்றைச் சேர்த்தார். தினமும் காலையில் நேற்றைய கோப்பைத் திறந்து, அதிலிருந்து யாராவது ஒரு நோயாளியின் கடைசிப் பதிவை செல்வராஜிடம் போனில் வாசிக்க வேண்டும். அவர் அங்கே உள்ளதோடு ஒப்பிட்டுச் சரி சொல்ல வேண்டும். வாசித்துச் சரி கேட்காதவரை அது பேக்கப் இல்லை, இடத்தை அடைக்கும் ஒரு கோப்பு மட்டும்தான். நீங்களும் அப்படியே செய்யுங்கள். எந்த ஊரில் வேலை பார்த்தாலும் செய்யுங்கள்.

புது டிஸ்க் போட்டு சர்வர் எழுந்த பிறகு, முதல் நாள் வாசிக்க நான் பேச்சியம்மாளின் பதிவைத்தான் எடுத்தேன். அன்றும் அவர் வந்து படுத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. செல்வராஜ் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு வார்டிலேயே நின்றிருக்கிறார். பதிவு எண், எடை, ஃபில்டர் என்று ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் செல்வராஜ் சரி சரி என்றார்.

கடைசியாக எடையை மறுபடி ஒருமுறை வாசித்தேன். சந்தேகம்தான் காரணம்.

“ஏலே செல்வராசு” என்றது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். அன்று கேட்ட குரல்தான், ஆனால் நடுவில் மூச்சுக்கு நிற்கவில்லை. “அந்த மனுசன் எதுக்குலே ஊருக்கே கேக்க எம் எடைய ஏலம் போடுதாரு? எனக்கு இன்னும் மாப்பிள்ளையா பாக்காவ?”

வார்டு முழுக்கச் சிரிப்பது கேட்டது.

“சரியா இருக்கு அண்ணாச்சி” என்றார் செல்வராஜ்.